ஐம்பது வாங்கும் முன்: புதுக் கேமராக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கம் முதன்முதலாகக் கேமரா வாங்கியிருக்கிற தம்பிகளுக்கும் அம்மணிகளுக்கும்,



கேமரா கைக்கு வந்த சில வாரங்களில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணா, ஐம்பது ஒண்ணு புள்ளி எட்டு வாங்கிப் போடலாமுங்களா?" அதாவது, எஃப் 1.8 வரை திறக்கிற 50 மி.மீ. லென்ஸ். விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் கேட்கிறார்கள். கல்யாண ஸ்டுடியோவில் உதவிக்குச் சேர்ந்து, மாதத் தவணையில் சொந்தக் கேமரா வாங்கியவர்களும் கேட்கிறார்கள். கேட்கிற தோரணையிலேயே தெரிந்துவிடும்: முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது, "வாங்கு" என்று என் வாயால் ஒரு சொல் வந்தால் போதும்.

அந்தச் சொல்லை நான் சொல்லப் போவதில்லை. உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு 50 மி.மீ. லென்ஸ் முதல் பிரைமாக, அதாவது ஜூம் இல்லாத முதல் லென்ஸாக, இருக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வீட்டில் யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பணம் அது. யூடியூபில் ஒருவர் கையை ஆட்டிச் சொன்னார் என்பதற்காக அது போகக் கூடாது.

முதலில், ஐம்பதுக்கு இவ்வளவு பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பிலிம் கேமராவில் ஒரு படத்தின் அளவு 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். அதன் மூலைவிட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற லென்ஸ், காட்சியை ரொம்ப விரிக்கவும் செய்யாது, ரொம்ப இழுத்துக்கொண்டு வரவும் செய்யாது. அதனால் 50 மி.மீ. லென்ஸை 'நார்மல்' என்றார்கள். பல கேமராக்களுக்கு அதையே கூடச் சேர்த்து விற்றார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனி 'இந்து' பிலிம் தயாரித்த காலத்தில் தொழில் கற்ற ஸ்டுடியோக்காரர்களுக்கு ஐம்பதுதான் கண். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரசோன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையை லைக்கா கேமராவிலும் 50 மி.மீ. லென்ஸிலுமே முடித்துக்கொண்டார். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது பிரசோன் திருவண்ணாமலையில் இருந்தார். மகரிஷியின் ஆசிரமத்தில் பிரசோன் எடுத்த படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஆகவே "ஐம்பது வாங்கு" என்று பெரியவர்கள் சொன்னது பொய்யில்லை. அவர்கள் கையில் இருந்த கேமராவுக்கு அது முழுக்கச் சரி.

உங்கள் கையில் இருப்பது அந்தக் கேமரா இல்லை. கேனான் ஆர்50, ஆர்10, நிக்கான் இசட்50, இசட்30, சோனி இசட்வி-இ10, 6400 என்று நம் ஊரில் முதல் கேமராவாக அதிகம் கைமாறுகிற எல்லாமே கிராப் சென்சார். பிலிமின் 36 மி.மீ. இருந்த இடத்தில் இவற்றில் இருப்பது 23 மி.மீ. சொச்சம், கேனானில் இன்னும் கொஞ்சம் குறைவு. லென்ஸ் அதேதான், ஆனால் அது காட்டுகிற காட்சியின் நடுப்பகுதியை மட்டுமே சென்சார் எடுத்துக்கொள்கிறது. நிக்கானிலும் சோனியிலும் 50 மி.மீ. லென்ஸ் பழைய கணக்குக்கு 75 மி.மீ. போல நடக்கும். கேனானில் 80 போல. 75 என்பதும் 80 என்பதும் முகம் எடுக்கிற லென்ஸ். அது நல்ல லென்ஸ்தான். ஆனால் பெரியவர்கள் உங்களுக்குச் சொன்னது அந்த லென்ஸை அல்ல. கார்த்தியே பிரசோனின் ஐம்பது உங்களுக்கு வேண்டுமென்றால் கடையில் கேட்க வேண்டியது 30-லிருந்து 35 வரையிலான ஒன்றை.

இந்தப் பெருக்கல் கணக்கு உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஐம்பதையே வாங்குகிறீர்கள், ஏனென்றால் 75 என்கிற எண் உடம்புக்கு என்ன செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை. அடிக்கணக்கில் சொல்கிறேன்.

ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவரை, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு, கேமராவை நிமிர்த்திப் பிடித்து முழு உருவமாக எடுக்கப் போகிறீர்கள். கிராப் சென்சாரில் 50 மி.மீ. போட்டிருந்தால் ஏறக்குறைய 13 அடி பின்னால் போக வேண்டும். 35 போட்டால் 9 அடி. 24 போட்டால் 6 அடி. கேனானில் இதைவிட அரையடி கூடும். இப்போது உங்கள் வீட்டு முன்னறையை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு என்றால் அது நல்ல அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, டிவி ஸ்டாண்டு. எடுக்கப்படுகிறவர் சுவரில் ஒட்டிக்கொண்டா நிற்பார்? 13 அடி எங்கே கிடைக்கும்? பாட்டியை அடுப்படியில் வைத்து எடுக்கலாம் என்று ஆசையோடு போகிறவர் கடைசியில் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவார். அடுப்பு இருக்காது, அஞ்சறைப் பெட்டி இருக்காது, ஜன்னல் வழியாக விழுகிற வெயில் இருக்காது. பின்னால் ஏதோ மஞ்சளாகக் கலங்கித் தெரியும். அந்தப் படத்தை மருதமலை அடிவாரத்திலும் எடுத்திருக்கலாம், மால் வாசலிலும் எடுத்திருக்கலாம்.

"பிரைம் லென்ஸில் ஜூம் இல்லாவிட்டால் என்ன, கால்தான் ஜூம்" என்று ஒரு பேச்சு உண்டு. திறந்த வெளியில் அது சரி. முதுகுக்குப் பின்னால் சுவர் வந்துவிட்டால் கால் என்ன செய்யும்?

லென்ஸ் வாங்குகிற கேள்வியே தூரத்தைப் பற்றிய கேள்விதான். கலங்கலில் பிறந்து கோவையின் பெருமையாக வளர்ந்த ஜி.டி. நாயுடு உருவாக்கியவற்றில் மின்சவரக் கத்தியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். படக்கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவி ஒன்றும் அவர் செய்தவற்றில் உண்டு. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம் பிடித்தவர் அவர். அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் படம் எடுக்கிறவர் எதிரே நிற்பவர் எத்தனை அடியில் நிற்கிறார் என்று கண்ணால் மதிப்பிட்டு, லென்ஸ் வளையத்தைத் திருப்பி அந்த எண்ணில் நிறுத்த வேண்டும். தூரம் எப்போதும் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோ ஃபோகஸ் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டதும், எத்தனை அடியில் நிற்கிறோம் என்று யோசிக்கிற பழக்கமும் நம்மிடமிருந்து போய்விட்டது. பிரைம் லென்ஸ் வாங்கும்போதாவது அதை மீட்டுக்கொள்ள வேண்டும்.

அந்தத் தூரக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பவானிக்கு வாருங்கள். ஜமக்காளம் நெய்கிற தறிக்கொட்டகை. 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பொருள், ஆனால் நெய்கிற கொட்டகைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. ஆகவே அங்கே கேமரா எடுத்துக்கொண்டு போகிறவரின் வேலைக்கு ஒரு அவசரம் இருக்கிறது. தாழ்ந்த ஓட்டுக்கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். தரையில் குழி, குழிக்குள் கால், மிதியில் பாதம். ஓடுகளுக்கு நடுவே பதித்த ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் சரிவாக இறங்கிப் பாவின் மேல் விழுகிறது. சிவப்பு, பச்சை, கறுப்புப் பட்டைகள். அந்த வெளிச்சம் நெசவு செய்கிறவரின் முகத்தில் நேராக விழுவதில்லை. துணியில் பட்டுத் திரும்பித்தான் முகத்துக்கு வருகிறது, அதனால் சிவப்புப் பட்டை நெய்கிற நேரத்தில் தாடையின் கீழ்ப்பக்கம் இலேசாகச் சிவந்து தெரியும். நாடா இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய் வருகிறது. தறிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கிற அளவுக்குத்தான் இடம். நீங்கள் நிற்கப் போவது அங்கேதான்.

அந்த இடத்தில் 50 போட்டால் ஒரு கை வரும், அல்லது ஒரு முகம் வரும். இரண்டும் சேர்ந்து வராது. 24 போட்டால் முகம், கை, பாவு, மேலே அந்தக் கண்ணாடி ஓடு எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். 35 போட்டால் நடுத்தரம்; இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நிற்க இடம் கிடைத்தால் அதுவே அழகு. நெசவாளியின் வேலை எங்கே, எதற்கு நடுவில் நடக்கிறது என்று சொல்லாத படம், அவருடைய முகச் சுருக்கத்தை மட்டும் காட்டுகிற படம், எனக்கு உடன்பாடானதல்ல.

வெளிச்சக் கணக்கையும் இதே கொட்டகையில் வைத்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரைம் லென்ஸ் வாங்குவதற்கு உள்ள நல்ல காரணம் இதுதான். கேமராவோடு வந்த கிட் லென்ஸை கடைசி வரை இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. புதிய சின்ன லென்ஸ்கள் சிலவற்றில் 6.3. அங்கே ஐஎஸ்ஓ 3200 வைத்தும் ஷட்டர் 1/30 தான் கிடைக்கிறது என்று வையுங்கள். நாடா வீசுகிற கை கரைந்துபோகும். எஃப் 1.8 வரை திறக்கிற லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதே ஐஎஸ்ஓவில் 1/300 கிடைக்கும். கை நிற்கும், விரல் தெரியும். கிட் லென்ஸை விரிந்த முனையில் வைத்தால் பலவற்றில் அது 3.5 வரை திறக்கும் என்பதால் அங்கே லாபம் நாலு மடங்குக்குள்தான். ஆனாலும் இருட்டுக் கொட்டகையில் நாலு மடங்கு என்பது பெரிய காசு.

ஆக, பிரைம் வாங்குவதே வீண் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள், ஆனால் உங்கள் இருட்டும் உங்கள் சுவரும் கேட்கிற எண்ணில் வாங்குங்கள்.

இனிப் பின்னணி மங்கல். உங்களில் பலர் ஐம்பதைக் கேட்பதே இதற்காகத்தான் என்று தெரியும். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் விளக்கெல்லாம் உருண்டை உருண்டையாக மிதக்கிறதே, அது வேண்டும். தப்பில்லை. ஆனால் அதன் விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். கிராப் சென்சாரில் 50 மி.மீ., எஃப் 1.8, ஒரு மீட்டர் தூரம் என்றால், கூர்மையாகத் தெரிகிற ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது போய்விடும். முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு கண்ணில் இருக்கும், இன்னொரு கண்ணில் இருக்காது. ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதே ஒன்றரை மீட்டரில் 24 மி.மீ. போட்டு எஃப் 1.8-லேயே எடுத்தால் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். நெசவாளியின் முகமும் முன்னால் நீண்ட கையும் ஓரளவுக்குச் சேர்ந்து நிற்க அது உதவும்.

கல்யாணத்தில் இன்னொரு சங்கடம். இணைச்சீர் நடக்கிறது. மாப்பிள்ளையும் அவர் சகோதரியும் இருக்கிறார்கள், சீரை நடத்துகிற அருமைக்காரர் பக்கத்தில், சுற்றிலும் பெரியம்மா, சித்தப்பா, பங்காளிகள். இந்தச் சீரின் பொருளே உறவு சூழ நடப்பதுதான். அதை 3 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்து உறவுகளை எல்லாம் கலங்கல் ஆக்கிவிட்டால், இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பம் ஆல்பத்தைப் புரட்டும்போது யாரைத் தேடும் என்று யோசியுங்கள். மாப்பிள்ளை அப்போதும் அவர்கள் கூடத்தான் இருப்பார். பின்னால் நின்று மங்கல வாழ்த்தைக் கேட்டுக்கொண்டிருந்த தாத்தாவைத்தான் தேடுவார்கள். சீர் நடக்கிற இடத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது நாலைந்து அடி. அங்கே 24. எஃப் 2.8 அல்லது 4 வரைக்கும் மூடிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. மண்டபத்து விளக்கு நன்றாகவே இருக்கும்.

மண்டப விளக்கு என்றதும் ஒன்று. சில எல்.இ.டி. விளக்குகளின் கீழே படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். புது லென்ஸ் பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்து, சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அப்படியானால் ஐம்பது யாருக்கு? காங்கேயம் மாட்டை எடுக்கிறவருக்கு. பழையகோட்டைச் சந்தைக்கோ, சித்திரையில் கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்கோ போகிறீர்கள் என்றால் 24-ஐ வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கிட்டப் போய் 24-இல் எடுத்தால் காளையின் மூக்கு பானை மாதிரி வீங்கி, திமில் சிறுத்துப் பின்னால் போய்விடும். காங்கேயம் காளையை அறிந்த எந்த விவசாயியும் அந்தப் படத்தை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் பார்ப்பது திமிலையும் கொம்பின் வளைவையும் முதுகுக் கோட்டையும்தான். இது லென்ஸின் குற்றமும் இல்லை. பக்கத்தில் நின்றதால் வந்தது. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று 50-இல் எடுங்கள், காளை காளையாகவே வரும். கொம்புக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மரியாதையான இடைவெளியும் இருக்கும்.

தனி ஆளை மட்டும் எடுக்கிறவர்களுக்கும் ஐம்பது நல்லது. தோள் வரைக்குமான உருவம், இயல்பான மூக்கு, நிதானமான பின்னணி. அவுட்டோர் ஷூட்தான் உங்கள் பிழைப்பு என்றால் இந்த மடலை இங்கேயே மூடிவைத்துவிட்டு ஐம்பதை வாங்கலாம்.

வள்ளிக் கும்மி ஆட்டம் இந்த 24-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிற விஷயம். கும்மிக் கலைஞர் தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, கும்மி அரங்கேற்றங்களுக்குக் கேமராவோடு வருகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி. இராத்திரி, ஊர்த்திடல், கம்பத்தில் கட்டிய விளக்கு, ஒரே நிறச் சேலையில் பெண்கள் வட்டமாகச் சுற்றுகிறார்கள். கால் ஓயாது. ஷட்டர் 1/250-க்குக் கீழே இறங்கினால் கை எல்லாம் கரையும், ஆகவே எஃப் 1.8 வேண்டியே தீரும். எந்த எண்? கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறவருக்கு 50. ஆனால் கும்மியின் அழகு ஒரு முகத்தில் இல்லை. நூறு பேர் ஒரே நொடியில் குனிவதில் இருக்கிறது. வட்டத்தின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் வருகிறவர் பெரிதாகவும் வட்டம் வளைந்து தூரம் போவதாகவும் எடுக்க 24-ம் 35-ம்தான் கைகொடுக்கும். நடத்துகிற ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு உட்காருங்கள். கேட்டால் நல்ல இடமாகவே காட்டுவார்கள்.

சிங்காநல்லூர் குளத்துப் பறவைக்கும் ஆனைமலை இருவாச்சிக்கும் ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த மடல் பயன்படாது. அதற்கு 300, 400 என்று வேறு உலகம், வேறு பணம். அதேபோல் ஆழியாறு, வெள்ளியங்கிரி என்று பகல் வெளிச்சத்தில் மலையும் வெளியும் மட்டுமே எடுக்கிறவர்களும் இப்போது எதுவும் வாங்க வேண்டாம். எஃப் 8-இல் உங்கள் கிட் லென்ஸ் போதுமான கூர்மை கொடுக்கும். அந்தப் பணத்துக்கு பஸ் ஏறுங்கள்.

எந்த எண் என்று இன்னமும் முடிவாகவில்லையா? செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. கேமரா வாங்கியதிலிருந்து எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, உங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் தனியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் விவரத்திலும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கம் குவிந்திருப்பதைப் பார்ப்பீர்கள். பிறகு கிட் லென்ஸின் வளையத்தை 24-இல் வைத்து, நகராமல் டேப் ஒட்டி ஒரு வாரம் சுற்றுங்கள். டவுன்ஹால் பக்கம், ஒப்பணக்கார வீதி, உக்கடம் மார்க்கெட், உங்கள் வீட்டு அடுப்படி. அடுத்த வாரம் 35. அதற்கடுத்து 50, அதுவரை போகாத லென்ஸ் என்றால் அதன் கடைசி எண். வளையத்தில் எண் இல்லாத பவர் ஜூம் லென்ஸ் என்றால் திரையில் காட்டும். எந்த வாரத்தில் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் இடித்தீர்கள், எந்த வாரத்தில் போதவில்லை என்று முன்னே முன்னே போனீர்கள் என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். அதைவிட நம்பகமான விமர்சனம் எந்த சேனலிலும் கிடைக்காது. காந்திபுரம் பக்கம் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு விசேஷத்துக்கு எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இனிக் கடையில் கேட்க வேண்டியவை. நிக்கான் இசட் வரிசையில் கிராப் கேமரா வைத்திருப்பவர்களுக்கு டிஎக்ஸ் 24 மி.மீ. எஃப் 1.7 இருக்கிறது, எடை குறைவு, உட்புற வேலைக்கு அதுவே என் முதல் சிபாரிசு. 28 எஃப் 2.8-ம் 40 எஃப் 2-ம் உண்டு, ஆனால் 40 உங்கள் கேமராவில் 60 ஆகிவிடும். சோனிக்காரர்களுக்குத் தேர்வு தாராளம்: சோனியின் 35 எஃப் 1.8-இல் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. சிக்மாவின் 30 எஃப் 1.4 இன்னும் வெளிச்சம் வாங்கும், ஆனால் அந்த வசதி இல்லை. கேனான் ஆர்எஃப் காரர்களுக்கு 28 எஃப் 2.8 தட்டையாக, சட்டைப் பைக்குள் போகிற அளவில் கிடைக்கிறது. 35 எஃப் 1.8 மேக்ரோ விலை கூடுதல், ஆனால் கிட்டப் போய் மஞ்சள் கிழங்கையும் எடுக்கும், பூவையும் எடுக்கும். 2024-லிருந்து சிக்மாவும் கேனானின் கிராப் கேமராக்களுக்கு 23, 30 எல்லாம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

அண்ணனோ மாமாவோ கொடுத்த பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களே, உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. '50 எஃப் 1.8 டி' என்று மலிவாகக் கிடைக்கிற பழைய லென்ஸை மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. லென்ஸின் மேல் 'ஏஎஃப்-எஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். டிஎக்ஸ் 35 எஃப் 1.8 ஜி உங்களுக்கு எல்லா வகையிலும் பொருந்தும். 2009-லிருந்து வருகிற லென்ஸ், செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். கேனான் டி.எஸ்.எல்.ஆர். என்றால் 24 எஃப் 2.8 எஸ்டிஎம். பின்னாளில் மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினாலும் அடாப்டர் போட்டு அதையே ஓட்டலாம்.

1.8-க்கும் 1.4-க்கும் நடுவே இருப்பது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவான வெளிச்சம்தான். ஒரே கம்பெனியில் அதற்காக இரண்டு மடங்குக்கு மேல் விலை கேட்டால், இந்தக் கட்டத்தில் கொடுக்காதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் பகலில் போய் வாங்குங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து, மறுபக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் பூஞ்சை. வால்பாறை, ஊட்டி ஈரத்தில் இருந்து வந்த லென்ஸ்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உங்கள் கேமராவிலேயே மாட்டி, கிட்டவும் தூரத்திலும் ஃபோகஸ் ஓடுகிறதா பாருங்கள். புதிது என்றால் ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்கிற பெட்டிக்கு வாரண்டி கிடையாது. பழுதானால் குறைத்ததெல்லாம் போய் மேலேயும் போகும்.

திருப்பூர்த் தம்பிகள், நிட்டிங் ஓடுகிற இடத்திலோ, நூல் மில்லுக்குள்ளேயோ நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். பஞ்சு சென்சாரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே பிரைமை மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள், வெளியே வந்து மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நான் சொல்கிற 24-ம் 35-ம் உங்களை எடுக்கப்படுகிறவருக்கு ஆறடி, ஒன்பதடிக்குள் கொண்டுபோய் நிறுத்தும். அது பேச்சுக் கேட்கிற தூரம். ஒளிந்து எடுக்க முடியாது. ஆகவே "எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிட்டு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். தறிக்கொட்டகையில், சந்தையில், கும்மித் திடலில் உங்களுக்கு முன்னால் வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களில் திரும்பி வந்து படத்தைக் கொடுத்தவர் எத்தனை பேர் என்று அவர்களையே கேளுங்கள், பதில் வருத்தமாகத்தான் இருக்கும். புது லென்ஸில் எடுக்கிற முதல் நல்ல படத்தை ஒரு பிரிண்ட் போட்டு, அதில் இருக்கிறவர் கையில் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரிண்டுக்கான காசையும் லென்ஸ் வாங்கும் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்ப் படக்காரன்
கோவை